262 டாலர் 51 சென்ட்: கொள்முதல் நிலையத்து நெல்லும் ஜெனீவாவின் பழைய விலையும்

மாசி மாதம் மன்னார்குடிப் பக்கம் போனால் பாதிச் சாலையை நெல் பிடித்துக்கொண்டிருக்கும், மீதிப் பாதியில் பஸ் போகும். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தின் முன்னால் குவியல் குவியலாக நெல். மேலே படுதா, நாலு மூலையிலும் செங்கல். குவியலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் அடிக்கடி வானத்தைப் பார்ப்பார். அவர் முறை வந்ததும் ஒரு கைப்பிடி நெல்லை எடுத்து ஈரப்பதக் கருவியில் போடுவார்கள். 17 சதவீதத்துக்குள் இருந்தால் எடைக்குப் போகலாம். கொஞ்சம் கூடினால் "இன்னும் ஒரு வெயில் காயட்டும்" என்பார்கள். தேறிய நெல் தூற்றும் இயந்திரத்துக்குப் போய், 40 கிலோ சிப்பமாகக் கட்டி, பட்டியல் எழுத்தரின் கணக்கில் ஏறும். 2025-26 பருவத்துக்கு மத்திய அரசு அறிவித்த குறைந்தபட்ச ஆதரவு விலை, பொது ரகத்துக்குக் குவிண்டாலுக்கு 2,369 ரூபாய். தமிழ்நாடு அரசின் ஊக்கத்தொகை 131 ரூபாயைச் சேர்த்தால் 2,500.

அந்தப் பட்டியலோடு வேலை முடிந்தது என்றுதான் நாம் நினைப்போம். ஆனால் நாடு முழுவதும் இப்படி வாங்கிய நெல்லின் கணக்கை இந்தியா அரிசியாக மாற்றி, டாலராக மாற்றி, ஜெனீவாவில் இருக்கும் உலக வர்த்தக அமைப்புக்கு அனுப்ப வேண்டும். அங்கே இந்த விலையை இன்றைய சந்தை விலையோடு யாரும் ஒப்பிடுவதில்லை. டன்னுக்கு 262 டாலர் 51 சென்ட் என்ற ஒரு விலையோடு ஒப்பிடுவார்கள். அது 1986 முதல் 1988 வரையிலான மூன்று ஆண்டுகளின் சராசரி. அப்போது ஒரு டாலருக்குப் பதின்மூன்று ரூபாய் சொச்சம்.

விவசாய வர்த்தகப் பேச்சுவார்த்தை என்று செய்தியில் வரும்போதெல்லாம் "இந்தியா முட்டுக்கட்டை", "இந்தியா உறுதி" என்று இரண்டு தலைப்புகள்தான் மாறி மாறி வரும். எதற்காக முட்டுக்கட்டை, எதில் உறுதி என்று கேட்டால் பதில் பெரும்பாலும் இந்த ஒற்றை எண்ணில் வந்து நிற்கும். அதைப் பிரித்துப் பார்த்தால் மற்ற முடிச்சுகளும் கொஞ்சம் கொஞ்சமாக அவிழும்.

முதலில் ஒரு தவறான எண்ணத்தை ஒதுக்கிவிடலாம். "ரேஷன் கடையை மூடச் சொல்கிறது டபிள்யூ.டி.ஓ." என்று நம் ஊர் மேடைகளில் பேசுவது வழக்கம். விதியில் அப்படி இல்லை. குடும்ப அட்டைக்கு 20 கிலோ அரிசியை அரசு இலவசமாகக் கொடுத்தால் அது நுகர்வோருக்கான உதவி. உலக வர்த்தக அமைப்புக்கு அதில் ஆட்சேபம் கிடையாது. அமெரிக்காவும் தன் ஏழைகளுக்கு உணவு உதவி கொடுக்கிறது, அதைத் தடையில்லாத மானியமாகவே கணக்கில் எழுதுகிறது. சிக்கல் கடையின் முன்வாசலில் இல்லை, அரிசி உள்ளே வரும் பின்வாசலில். அந்த அரிசியை விவசாயியிடம் என்ன விலைக்கு வாங்கினீர்கள் என்பதுதான் கேள்வி. சந்தை விலைக்கு வாங்கினால் பேச்சே இல்லை. அரசே நிர்ணயித்த விலைக்கு வாங்கினால், அந்த விலைக்கும் 1986-88 விலைக்கும் உள்ள வித்தியாசம் முழுவதும் விவசாயிக்குக் கொடுத்த மானியமாகக் கணக்காகும். மேடைப் பேச்சு பாதி சரி என்று சொல்வது இதனால்தான். நிர்ணயித்த விலையில் வாங்க முடியாவிட்டால் ரேஷன் கடைக்கு அரிசி எங்கிருந்து வரும்?

சரி, ஏன் 1986-88?

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு வந்த காட் என்ற உலக வர்த்தக ஒப்பந்தம் தொழிற்சாலைப் பொருள்களின் வரிகளைக் குறைப்பதில்தான் கவனம் வைத்தது. விவசாயம் பேருக்குத்தான் அதற்குள் இருந்தது. 1955-இல் அமெரிக்கா தன் விவசாய இறக்குமதிக் கட்டுப்பாடுகளுக்கு விலக்கு வாங்கிக்கொண்டது. ஐரோப்பாவும் தன் பொது வேளாண் கொள்கையைக் கட்டி எழுப்பி, உபரி வெண்ணெயையும் கோதுமையையும் மானியம் கொடுத்து வெளியே தள்ளியது. எண்பதுகளில் இந்த இரண்டு பேரும் ஒருவர் சந்தையை ஒருவர் பிடிக்க மானியத்தைக் கூட்டிக்கொண்டே போனார்கள். செலவு தாங்காத நிலையில்தான், 1986 செப்டம்பரில் உருகுவேயின் புந்தா தெல் எஸ்தேவில் தொடங்கிய பேச்சுவார்த்தைச் சுற்றில் விவசாயத்தையும் பேச்சுக்கு எடுத்தார்கள். மானியத்தைக் குறைப்பதற்கு ஓர் ஆரம்பப் புள்ளி வேண்டும் அல்லவா? அந்தச் சுற்று தொடங்கிய காலத்து விலை கையில் இருந்தது, அதையே வைத்துக்கொண்டார்கள்.

பேச்சு வருடக்கணக்கில் இழுத்தது. 1992 நவம்பரில் வாஷிங்டனில் பிளேர் ஹவுஸ் என்ற அரசு விருந்தினர் மாளிகையில் அமெரிக்காவும் ஐரோப்பிய சமூகமும் உட்கார்ந்து தங்களுக்குள் ஓர் உடன்பாட்டுக்கு வந்தன. மற்ற நாடுகளுக்கு ஏறக்குறைய முடிந்த சமாச்சாரமாகத்தான் அது வந்து சேர்ந்தது. 1994 ஏப்ரலில் மொராக்கோவின் மராகெஷில் கையெழுத்து. 1995 ஜனவரி 1 முதல் உலக வர்த்தக அமைப்பும் அதன் வேளாண் ஒப்பந்தமும் நடைமுறைக்கு வந்தன.

ஒப்பந்தம் மானியங்களைப் போக்குவரத்து விளக்கு மாதிரி நிறம் பிரித்தது. ஆராய்ச்சி, பயிற்சி, உணவு உதவி, உற்பத்தியோடு தொடர்பில்லாமல் விவசாயிக்கு நேரடியாகத் தரும் பணம் ஆகியவை பச்சைப் பெட்டி. இதற்கு உச்சவரம்பே இல்லை. விலையையும் உற்பத்தியையும் நேரடியாகத் தூண்டும் மானியங்கள் மஞ்சள் பெட்டி, இதற்கு வரம்பு உண்டு. நடுவில் நீலம் என்று ஒன்று. உற்பத்தியைக் கட்டுப்படுத்தும் திட்டங்களின் கீழ் தரும் பணத்துக்கு அதில் விலக்கு. பிளேர் ஹவுஸில் உட்கார்ந்த இருவரின் அன்றைய திட்டங்களுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை அது. போக்குவரத்து விளக்கில் நீலம் ஏது என்று அப்போதே கேட்டிருக்கலாம்.

வலிக்கும் இடம் மஞ்சள் பெட்டி. 1986-88 காலத்தில் யார் அதிகமாக மானியம் கொடுத்தார்களோ, அவர்கள் அதைக் கொஞ்சம் குறைக்க வேண்டும், வளர்ந்த நாடுகள் என்றால் 20 சதவீதம். குறைத்தபின் மிச்சம் இருப்பது அவர்களுடைய நிரந்தர உரிமை. அமெரிக்காவுக்கு அப்படி ஆண்டுக்கு 19.1 பில்லியன் டாலர் கிடைத்தது, ஐரோப்பிய ஒன்றியத்துக்கு 72 பில்லியன் யூரோவுக்கு மேல். அந்தத் தொகையை எந்தப் பயிரில் எவ்வளவு கொட்டலாம் என்பதும் அவர்கள் இஷ்டம். அப்போது மானியம் கொடுக்காதவர்களுக்கு அப்படி உரிமை ஏதும் இல்லை. அந்தந்தப் பயிரின் மொத்த உற்பத்தி மதிப்பில் 10 சதவீதத்துக்குள் நில் என்று வளரும் நாடுகளுக்குச் சொன்னார்கள். வளர்ந்த நாடுகளுக்கு இந்த அளவு 5 சதவீதம்தான். மேலோட்டமாகப் பார்த்தால் நமக்குச் சலுகை மாதிரியே இருக்கும். அவர்களுக்கு அந்த 5 சதவீதத்துக்கு மேலே பழைய உரிமை என்ற மாடியும் உண்டு என்பதை மறந்துவிடுவோம்.

இந்தியா அந்த ஆண்டுகளில் எங்கே இருந்தது? 1987-88-இல் நெல்லின் ஆதரவு விலை குவிண்டாலுக்கு 150 ரூபாய். நூறு கிலோ நெல்லை அரைத்தால் சுமார் 67 கிலோ அரிசி என்று கணக்கு வைத்தால், டன் அரிசிக்கு 2,240 ரூபாய் அளவில் வரும். உலக விலை என்று இந்தியா அட்டவணையில் எழுதிய தொகை டன்னுக்கு 3,520 ரூபாய். அதாவது நம் விவசாயி வெளிச்சந்தையைவிட மலிவாகத்தான் அரசுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார். மானியம் அவருக்குப் போகவில்லை, அவரிடமிருந்து வந்தது. ஒப்பந்தக் கணக்கில் இந்த எதிர்மறைத் தொகைக்கு எந்த வரவும் வைக்கவில்லை, பூஜ்ஜியம் என்று எழுதி முடித்துவிட்டார்கள்.

பணக்கார நாடுகள் மானியம் கொடுக்கின்றன என்பதைவிட, ஒரு குறிப்பிட்ட மூன்று ஆண்டுகளில் கொடுத்துக்கொண்டிருந்தவர்களுக்கு அதுவே பட்டா ஆகிவிட்டது என்பதுதான் இந்த ஒப்பந்தத்தில் என்னை உறுத்துவது. புறம்போக்கில் முன்பே வீடு கட்டியவருக்கு மனை சொந்தம், காலியாக விட்டவருக்குத் திண்ணை மட்டும் என்பது போல.

ஒரு கணக்கு, மூன்று விடை

2018-19 பருவத்தை எடுத்துக்கொள்வோம். இதில் கையால் போட்டுப் பார்க்க முடிகிற கணக்கு ஒன்று இருக்கிறது. பொது ரக நெல்லின் ஆதரவு விலை அப்போது 1,750 ரூபாய். அரிசியாக மாற்றினால் டன்னுக்குச் சுமார் 26,100 ரூபாய். அந்த ஆண்டு டாலர் ஏறக்குறைய 70 ரூபாய். ஆக டன்னுக்கு 373 டாலர். இதில் 262.51-ஐக் கழித்தால் 110 டாலர் சொச்சம். அரசு வாங்கிய அரிசி 444 லட்சம் டன். பெருக்கினால் கிட்டத்தட்ட 5 பில்லியன் டாலர். இந்தியா ஜெனீவாவுக்கு 2020-இல் அனுப்பிய அறிக்கையிலும் இதே 5 பில்லியன்தான். அரிசி உற்பத்தியின் மொத்த மதிப்பு 43.67 பில்லியன் என்று எழுதியிருந்தார்கள். சதவீதம் பார்த்தால் 11-க்கு மேல், அதாவது 10 சதவீத வரம்பு தாண்டிவிட்டது.

இப்போது அதே கணக்கை டாலரில் போடாமல் ரூபாயில் போடுங்கள். 26,100-இல் பழைய 3,520-ஐக் கழித்தால் டன்னுக்கு 22,600 ரூபாய் மானியம். வாங்கிய 444 லட்சம் டன்னால் பெருக்கினால் ஒரு லட்சம் கோடி ரூபாய்க்குக் கொஞ்சம் மேல். சதவீதம் 33-க்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது. விவசாயி கைக்குக் கூடுதலாக ஒரு பைசாவும் போகவில்லை, காகிதத்தில் மட்டும் மானியம் மூன்று மடங்கு.

இன்னும் ஒரு படி இருக்கிறது. அரசு வாங்கிய நெல்லை மட்டும் ஏன் கணக்கில் எடுக்கிறீர்கள், ஆதரவு விலை அறிவித்ததால் விளைந்த நெல் எல்லாமே பயன்பெற்றதுதானே என்று கேட்கலாம். ஒப்பந்தத்தில் இருப்பது "தகுதியுள்ள உற்பத்தி" என்ற சொல். அதற்கு ஆளுக்கொரு பொருள். அந்த ஆண்டின் மொத்த அரிசி உற்பத்தியான 1,160 லட்சம் டன் சொச்சத்தையும் ரூபாய்க் கணக்கில் பெருக்கினால் 86 சதவீதம் வருகிறது! இது என் தோராயக் கணக்குதான். ஆனால் 2018 மே மாதம் அமெரிக்கா, இந்தியாவின் அறிக்கைகள் தவறு என்று சொல்லி எதிர் அறிக்கை ஒன்றைத் தாக்கல் செய்தபோது இதே வழியில்தான் போனது. 2010-11 முதல் நான்கு ஆண்டுகளுக்கு இந்தியாவின் அரிசி மானியம் 74 முதல் 84 சதவீதம் வரை என்றும், கோதுமைக்கு 60 சதவீதத்துக்கு மேல் என்றும் சொன்னது.

ஆக 11, 33, 86. ஒரே நெல்லுக்கு மூன்று விடை. கொள்முதல் நிலையத்தில் விலை கிடைக்காமல் வியாபாரிக்குக் கொடுத்தவருடைய நெல்லும் மூன்றாவது விடையில் மானியம் வாங்கிய நெல்லாக உட்கார்ந்திருக்கிறது.

விலைவாசி ஏற்றத்தைக் கணக்கில் எடுக்க ஒப்பந்தத்திலேயே வழி இல்லையா என்றால், இருக்கிறது. 18-ஆவது பிரிவில், அளவுக்கு மீறிய பணவீக்கத்தின் தாக்கத்தை "உரிய முறையில் கருத்தில் கொள்ள வேண்டும்" என்று ஒரு வரி உண்டு. எது அளவுக்கு மீறியது, எப்படிக் கருத்தில் கொள்வது என்று அதில் இல்லை. மாநில அரசின் ஊக்கத்தொகை தப்பிக்குமா என்றால் அதுவும் இல்லை. மத்திய அளவில் கொடுத்தாலும் அதற்குக் கீழே கொடுத்தாலும் ஆதரவு ஆதரவுதான் என்று இணைப்பு மூன்றில் தெளிவாகவே எழுதியிருக்கிறார்கள். நம் 131 ரூபாயும் அதில் அடக்கம்.

பாலியில் வாங்கிய குடை

இந்தியாவில் உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2013-இல் வந்தது. மக்கள்தொகையில் மூன்றில் இரண்டு பங்குக்கு மலிவு விலைத் தானியம் என்றால் கொள்முதல் கூடித்தான் ஆக வேண்டும், 10 சதவீத வரம்பு உடையும் என்று டெல்லிக்குத் தெரிந்திருந்தது. அதே ஆண்டு டிசம்பரில் பாலியில் நடந்த அமைச்சர்கள் மாநாட்டில் ஒரு தற்காலிக ஏற்பாடு கிடைத்தது. வரம்பைத் தாண்டினாலும் வழக்குப் போட மாட்டோம் என்ற உறுதிமொழி. சமாதானப் பிரிவு என்று இதற்குப் பெயர். மாற்றாக, சுங்க நடைமுறைகளை எளிதாக்கும் ஒப்பந்தத்துக்கு இந்தியா ஒத்துக்கொள்ள வேண்டும்.

2014 மே மாதம் ஆட்சி மாறியது. ஜூலை கடைசியில், சுங்க ஒப்பந்தத்தை முறைப்படி ஏற்க வேண்டிய கெடு வந்தபோது புதிய அரசு கையெழுத்துப் போடவில்லை. அப்போது வர்த்தக அமைச்சர் நிர்மலா சீதாராமன். உங்கள் காரியம் முடிந்துவிட்டால் எங்கள் நெல் விவகாரத்தை யார் திரும்பிப் பார்ப்பார்கள் என்பதே வாதத்தின் சாரம். உலகப் பத்திரிகைகள் திட்டித் தீர்த்தன. நவம்பரில் மற்ற நாடுகள் இறங்கி வந்து, நிரந்தரத் தீர்வு வரும்வரை சமாதானப் பிரிவு தொடரும் என்று எழுதிக் கொடுத்தன.

தமிழ் வாசகர்களுக்கு இதற்கு முந்தைய கதையும் நினைவிருக்கலாம். 2001 நவம்பரில் தோஹா மாநாட்டில் முரசொலி மாறன் வர்த்தக அமைச்சராகத் தனியாக நின்று, மாநாட்டை ஒரு நாள் நீட்ட வைத்தார். முதலீடு, போட்டி போன்ற புதிய விஷயங்களை எல்லா நாடுகளும் வெளிப்படையாகச் சம்மதித்தால் மட்டுமே பேசலாம் என்ற விளக்கத்தை மாநாட்டுத் தலைவர் வாயிலிருந்து வாங்கிய பிறகுதான் விட்டார். அந்த விஷயங்களில் மூன்று, அந்த மாநாடு தொடங்கிவைத்த தோஹா சுற்றுப் பேச்சிலிருந்தே பின்னாளில் விழுந்தன. "முட்டுக்கட்டை" என்ற பட்டத்தின் வரலாறு அங்கிருந்து தொடங்குகிறது என்றே சொல்லலாம்.

2020-இல் அரிசிக்காகச் சமாதானப் பிரிவை இந்தியா பயன்படுத்தியது. அதைப் பயன்படுத்திய முதல் நாடு நாம்தான். அடுத்த பருவமான 2019-20 கணக்கில் அரிசி மானியம் 13.7 சதவீதத்துக்குப் போனது.

குடை நல்ல குடைதான், ஆனால் ஓட்டைகள் உண்டு. 2013 டிசம்பர் 7-க்கு முன்பே நடைமுறையில் இருந்த திட்டங்களுக்கு மட்டும் அது செல்லும். ஆப்பிரிக்காவில் ஒரு நாடு இன்று புதிதாக மக்காச்சோளக் கொள்முதல் தொடங்கினால் குடைக்கு வெளியே நிற்க வேண்டும். 1986-88-இல் மானியம் கொடுக்காதவர்களுக்கு நடந்த அநியாயம் 2013-ஐ வைத்து மறுபடி நடக்கிறது, இம்முறை பலன் அடைந்தவர்கள் பட்டியலில் நாமும் இருக்கிறோம். அப்புறம் இது பாரம்பரிய உணவுப் பயிர்களுக்கு மட்டும். கரும்புக்குக் கிடையாது. ஆஸ்திரேலியா, பிரேசில், குவாதமாலா மூன்றும் சர்க்கரைக்காகப் போட்ட வழக்கில் 2021 டிசம்பரில் இந்தியா தோற்றது. மேல்முறையீடு செய்தது. மேல்முறையீட்டு அமைப்புக்கு உறுப்பினர்களை நியமிக்க அமெரிக்கா ஒத்துக்கொள்ளாததால் 2019 டிசம்பரிலிருந்து அங்கே வழக்கைக் கேட்கப் போதிய ஆள் இல்லை. வழக்கு அந்தரத்தில் தொங்குகிறது. இந்த விஷயத்தில் அமெரிக்காவின் பிடிவாதம் நம் கரும்பு விவசாயிக்குக் கை கொடுத்தது என்பது ஒரு வேடிக்கை.

பருத்தியில் நடந்த பேரம்

நெல்லை விட்டுக் கொஞ்சம் வெளியே வருவோம். இந்தியாவுக்காவது சத்தம் போட ஆள்பலம் இருக்கிறது. பெனின், புர்கினா பாசோ, சாட், மாலி ஆகிய நான்கு மேற்கு, மத்திய ஆப்பிரிக்க நாடுகளுக்கு அந்தப் பலமும் இல்லை. ஏற்றுமதி வருமானத்தில் பருத்திக்குப் பெரும்பங்கு. அங்கே பருத்தியைக் கையால்தான் எடுக்கிறார்கள், உற்பத்திச் செலவும் குறைவு. சந்தை விதிப்படி பார்த்தால் வெல்ல வேண்டியவர்கள் அவர்கள். ஆனால் இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் சுமார் 25,000 பருத்தி விவசாயிகளுக்கு ஆண்டுக்குப் பில்லியன் கணக்கில் மானியம் போனது. விலை விழுந்தாலும் அவர்கள் விதைத்தார்கள். விலை மேலும் விழுந்தது.

2003 ஜூலையில் மாலி, புர்கினா பாசோ அதிபர்கள் இருவரும் சேர்ந்து நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையில் எழுதினார்கள். எங்களுக்கு உதவி வேண்டாம், உங்கள் மானியத்தை நிறுத்துங்கள், விதிகள் எல்லோருக்கும் ஒன்றாக இருக்கட்டும் என்ற தொனியில். செப்டம்பரில் மெக்சிகோவின் கான்கூனில் மாநாடு கூடியபோது, அவர்கள் கோரிக்கைக்குப் பதிலாக வந்த வரைவில் மானியக் குறைப்புக்கு உறுதி ஏதும் இல்லை. பருத்தியை விட்டு வேறு பயிருக்கு மாற உதவலாம் என்ற யோசனை இருந்தது. மாநாடு உடைந்தது.

பிரேசில் வேறு வழியில் போனது. 2002-இல் வழக்குத் தொடுத்து, 2005-இல் மேல்முறையீட்டிலும் வென்றது. அமெரிக்கா மானியத்தை முழுதாக விலக்கிக்கொள்ளவில்லை. பதிலடி கொடுக்கும் உரிமை பிரேசிலுக்குக் கிடைத்ததும், 2010-இல் ஒரு பேரம் படிந்தது. பதிலடி கொடுக்காமல் இருப்பதற்காக பிரேசிலின் பருத்தித் துறைக்கு ஆண்டுக்கு 147.3 மில்லியன் டாலர். 2014-இல் இன்னொரு 300 மில்லியன் டாலர் கொடுத்து வழக்கை மொத்தமாக முடித்தார்கள். தன் விவசாயிக்கு மானியம் கொடுக்கும் உரிமையைக் காப்பாற்ற, அடுத்த நாட்டு விவசாயத் துறைக்கும் பணம் கட்டிய கதை இது. பதிலடி கொடுத்தால் அமெரிக்காவுக்கு வலிக்கும் அளவுக்கு பிரேசிலின் சந்தை பெரியது. பெனின் என்ன பதிலடி கொடுக்கும்? அந்த நான்கு நாடுகளுக்கும் அந்தப் பேரத்தில் பங்கு இல்லை.

நம் பக்கத்திலும் பருத்திக்கு ஒரு முனை உண்டு. 2025 ஆகஸ்டில், அமெரிக்கா இந்தியப் பொருள்களுக்கு 50 சதவீத வரி போட்ட வாரங்களில், பருத்தி இறக்குமதிக்கு இருந்த 11 சதவீத வரியை மத்திய அரசு தற்காலிகமாக நீக்கியது. முதலில் செப்டம்பர் வரை என்றார்கள், அப்புறம் டிசம்பர் வரை நீட்டினார்கள். கோவை, திருப்பூர் பக்கம் ஆலைக்காரர்கள் நீண்ட நாளாகக் கேட்டு வந்தது அது, அவர்களுக்கு நிம்மதி. அறுவடைக்குக் காத்திருந்த பருத்தி விவசாயிகளின் சங்கங்கள் கொதித்தன. வர்த்தகப் பேச்சில் "இந்தியாவின் நலன்" என்று ஒருமையில் சொல்லும்போது இந்த இரண்டு பேரில் யாரைச் சொல்கிறார்கள் என்று கேட்டுக்கொள்வது நல்லது.

வரி என்ற வரப்பு

மானியம் ஒரு பக்கம் என்றால், எல்லையில் போடும் வரி இன்னொரு பக்கம். மானியம் கொடுக்கப் பணம் இல்லாத நாட்டுக்கு வரிதான் வரப்பு. தண்ணீரைத் தடுக்க வேறு எதுவும் இல்லை.

ஹெய்ட்டி 1995-இல் அரிசி மீதான வரியை 35 சதவீதத்திலிருந்து 3 சதவீதமாகக் குறைத்தது. இது உலக வர்த்தக அமைப்பின் விதியால் நடந்ததில்லை, கடனும் உதவியும் கொடுத்தவர்களின் நெருக்கடியால் நடந்தது. மானியத்தோடு விளைந்த அமெரிக்க அரிசி வந்து குவிந்தது. உள்ளூர் நெல் விவசாயம் நொடித்துப்போனது. 2010 மார்ச்சில் பில் கிளிண்டன் அமெரிக்க செனட் குழுவின் முன், தன் மாநிலமான ஆர்கன்சாவின் விவசாயிகள் சிலருக்கு அது நன்மையாக இருந்திருக்கலாம், ஆனால் அது தவறு என்று ஒப்புக்கொண்டார். பதினைந்து ஆண்டு கழித்து.

இந்தியாவும் ஒரு காலத்தில் இந்த விஷயத்தில் அஜாக்கிரதையாக இருந்தது. அரிசி இறக்குமதிக்கு வரி போட மாட்டோம் என்று காட் காலத்தில் ஒப்புக்கொண்ட பூஜ்ஜியம் அப்படியே கிடந்தது. இறக்குமதி அளவுக் கட்டுப்பாடுகள் இருந்தவரை யாருக்கும் உறுத்தவில்லை. அந்தக் கட்டுப்பாடுகளை எடுத்தே ஆக வேண்டும் என்ற நிலை வந்தபோதுதான் திடுக்கிட்டு, 1999-இல் மறுபேச்சு நடத்தி, வேறு பொருள்களில் விட்டுக்கொடுத்து, அரிசிக்கு 70 முதல் 80 சதவீதம் வரை வரி போடும் உரிமையை வாங்கினார்கள்.

2008 ஜூலையில் ஜெனீவாவில் ஒன்பது நாள் நடந்த பேச்சு உடைந்ததும் இந்த வரப்பின் உயரத்தில்தான். இறக்குமதி திடீரென்று பெருகினால் கூடுதல் வரி போடலாம் என்பதில் எல்லோருக்கும் சம்மதம். எவ்வளவு பெருகினால்? வழக்கத்தைவிட 40 சதவீதம் கூடினால் என்றது மேசையில் இருந்த திட்டம். 10 சதவீதம் கூடினாலே போட வேண்டும் என்றன இந்தியா உள்ளிட்ட நாடுகள். 40 சதவீதம் கூடும்வரை காத்திருந்தால் அதற்குள் எங்கள் விவசாயி செத்துப்போவான் என்பது அந்தப் பக்கத்து வாதம். இந்திய வர்த்தக அமைச்சர் கமல்நாத்தும் அமெரிக்க வர்த்தகப் பிரதிநிதி சூசன் ஷ்வாபும் இறங்கி வரவில்லை. தோஹா சுற்று அதற்குப் பிறகு எழவே இல்லை.

இத்தனைக்கும் நாம் எப்போதும் பாதிக்கப்பட்ட தரப்பு என்று எழுதிவிட்டுப் போவது நேர்மையாகாது. உலக அரிசி வர்த்தகத்தில் ஏறக்குறைய 40 சதவீதம் இந்தியாவுடையது. தாய்லாந்து, வியட்நாம், பாகிஸ்தான் விவசாயிகளும் ஏழைகள்தான். அரசு பெரிய அளவில் ஆதரவு விலையில் வாங்கிக் கிட்டங்கியை நிரப்பும் நாட்டில் மிச்ச அரிசி மலிவாக வெளியே வருகிறது, அது எங்கள் சந்தையைக் கெடுக்கிறது என்று அவர்கள் சொல்வதைத் தூக்கிப் போட முடியாது. அரசுக் கையிருப்பிலிருந்து ஏற்றுமதி இல்லை என்பது இந்தியாவின் பதில். எழுத்தில் சரி. ஆனால் பஞ்சாபில் விளைந்ததில் பெரும்பங்கை அரசே வாங்கிக்கொள்ளும்போது, மற்ற இடத்து நெல் யாருக்குப் போகும்?

2023 ஜூலை 20 அன்று பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதிக்கு இந்தியா தடை போட்டது. உள்ளூர் விலை ஏறுகிறது என்பது காரணம். அடுத்த மாதம் புழுங்கல் அரிசிக்கு 20 சதவீத ஏற்றுமதி வரி. உலக உணவு, வேளாண் அமைப்பின் அரிசி விலைக் குறியீடு அந்த ஆகஸ்டில் பதினைந்து ஆண்டுகளில் இல்லாத உயரத்துக்குப் போனது. இந்தியப் புழுங்கல் அரிசியை அதிகம் வாங்கும் நாடுகளில் ஒன்று, பருத்திக் கதையில் பார்த்த அதே பெனின். விற்கும்போது அமெரிக்க மானியத்தில் அடி வாங்கியவர்கள், வாங்கும்போது இந்தியத் தடையில் அடி வாங்கினார்கள். வளரும் நாடுகள் என்ற ஒரே குடையின் கீழ் எல்லோருக்கும் ஒரே மழை பெய்வதில்லை. வெள்ளை அரிசித் தடை 2024 செப்டம்பர் கடைசியில் நீங்கியது.

அதே 2024-இன் தொடக்கத்தில், அபுதாபி மாநாட்டில், நிரந்தரத் தீர்வு மறுபடி மேசைக்கு வந்தது. ஆப்பிரிக்கக் குழுவும் சேர்ந்து 80-க்கும் மேற்பட்ட நாடுகள் ஆதரித்த யோசனை. புதிய திட்டங்களுக்கும் பாதுகாப்பு வேண்டும், 1986-88 விலைக்குப் பதிலாக அண்மைய ஐந்து ஆண்டுகளில் உச்சத்தையும் தாழ்வையும் விட்டுவிட்டு மீதியின் சராசரியை எடுக்க வேண்டும். கேட்டால் இது சாதாரணக் கணக்குத் திருத்தம் என்றே தோன்றும். ஆனால் ஏற்றுமதி நாடுகள், இதைத் தனியாகத் தர மாட்டோம், எல்லோருடைய மானியத்தையும் சேர்த்துப் பேசும்போது பேசலாம் என்கின்றன. எல்லோருடைய மானியத்தையும் பேசலாம் என்றால் அந்தப் பழைய பட்டாக்களையும் மேசையில் வைக்க வேண்டும், அதற்கு அவற்றை வைத்திருப்பவர்கள் தயாரில்லை. மார்ச் 2 அன்று மாநாடு விவசாயத்தில் ஒன்றும் முடிவெடுக்காமல் கலைந்தது.

ஜெனீவா நகராததால் நாடுகள் இரண்டிரண்டாக உட்கார்ந்து பேசுகின்றன. 2025 ஜூலையில் பிரிட்டனோடு இந்தியா கையெழுத்திட்டது, பால் பொருள்களையும் ஆப்பிளையும் விலக்கி வைத்துக்கொண்டது. அமெரிக்காவோ அந்த ஆண்டு மக்காச்சோளம், சோயா, பால் என்று கேட்டது. இத்தகைய இருதரப்புப் பேச்சில் ஒரு நுணுக்கம் இருக்கிறது, செய்திகளில் அது அதிகம் வருவதில்லை. விவசாயத்தில் அங்கே பெரும்பாலும் பேசுவது வரியைப் பற்றித்தான். எதிர்த் தரப்பு தன் விவசாயிக்குக் கொடுக்கும் மானியத்தைக் குறை என்று அந்த மேசையில் கேட்க வழியில்லை. ஒரு கூட்டாளிக்கென்று தனியாக மானியத்தைக் குறைக்கவும் முடியாது, குறைத்தால் எல்லோருக்கும் குறையும். சீனாவோடு வரிச்சண்டை வந்தபோது 2018-இல் 12 பில்லியன், 2019-இல் 16 பில்லியன் டாலர் என்று தன் விவசாயிகளுக்கு அமெரிக்கா அள்ளிக் கொடுத்தது. அந்தப் பணத்தைப் பற்றிப் பேச இருக்கும் ஒரே இடம் ஜெனீவா. ஜெனீவா தூங்கினால், மானியம் அப்படியே இருக்க, வரப்பு மட்டும் ஒவ்வோர் ஒப்பந்தத்திலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும்.

இதற்கிடையில் டெல்லி ஆண்டுதோறும் கணக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறது. எத்தனை லட்சம் டன் வாங்கினோம், என்ன விலை, டாலர் மாற்று மதிப்பு எவ்வளவு என்று. ஜெனீவாக் குழுவில் அமெரிக்காவும் கனடாவும் ஆஸ்திரேலியாவும் கேள்வி கேட்கும், இந்தியா எழுத்தில் பதில் கொடுக்கும். அந்த அட்டவணையில் மற்ற எல்லாக் கட்டங்களும் வருடா வருடம் மாறும். டன் அரிசிக்கு 262.51 என்ற கட்டம் மட்டும் போன வருடத்துக் காகிதத்திலிருந்து அப்படியே எடுத்து எழுதியதாக இருக்கும்.